பாய் நனைவதும் பள்ளிக்கூடக் கழிப்பறையும்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர் ஒருவரின் பதில்கள்

போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு தாய், தன் ஆறு வயது மகன் இன்னும் படுக்கையில் ஒண்ணுக்குப் போகிறான் என்று எழுதியிருந்தார். "பயப்படாதீர்கள், வளர வளரச் சரியாகும்" என்று நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதன் பிறகு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், சளிக்கும் இருமலுக்கும்கூட இவ்வளவு வந்ததில்லை. பாதிக்கு மேல் பெயரில்லாதவை. ஒருவர் உறையின் மேல் 'டாக்டர் மட்டும் பிரிக்கவும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அதனால் இந்த மாதம் முழுக்க இந்த விஷயம்தான்.

என் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பத்து வயது வரை பாயை நனைத்தவள். எங்கள் ஊர் பத்தமடைக்குப் பக்கம், பாய்க்குப் பஞ்சமில்லாத ஊர். அம்மா விடிவதற்கு முன்பே பாயைக் கிணற்றடியில் கழுவிக் கொல்லைச் சுவரில் போட்டுவிடுவார். யாராவது கேட்டால், "சொம்புத் தண்ணியைத் தட்டி விட்டுட்டா" என்பார். தினமும் எப்படிச் சொம்பு கவிழும் என்று யாரும் கேட்டதில்லை, அந்த மட்டும் நல்ல மனிதர்கள். ஒரு பெரிய லீவில் அத்தை வீட்டுக்குப் போனபோது, அத்தை பாயைத் தெருத் திண்ணையில் காயப் போட்டார். வேண்டுமென்றே செய்தாரா, வெயில் அங்கே நன்றாக அடிக்கிறது என்று செய்தாரா, தெரியாது. அந்தப் பாயின் சிவப்புக் கரை இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதனால்தான் டாக்டருக்குப் படித்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அது சினிமாக் கதை ஆகிவிடும். ஆனால் இந்தக் கடிதங்களை நான் கொஞ்சம் மெதுவாகப் படிக்கிறேன் என்பது உண்மை.

*

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வாரத்தில் நாலைந்து நாள் படுக்கை நனைந்துவிடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே கொடுப்பதில்லை. அழுது கேட்டாலும் ஒரு வாய்தான். படுக்கும் முன் பாத்ரூம் போக வைக்கிறேன். ஒன்றும் பலனில்லை. பகலில் எந்தத் தொல்லையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட ஒண்ணுக்குப் போக மாட்டான், அவ்வளவு கட்டுப்பாடு. (வாசகி, மன்னார்குடி)

பதில்: நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் அந்தக் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது.

உங்கள் மகனின் தண்ணீர் பாட்டிலை நாளைச் சாயங்காலம் பையிலிருந்து எடுத்துப் பாருங்கள். காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே திரும்பி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் கிளினிக்குக்கு வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் கதை இதுதான். பள்ளிக்கூடக் கழிப்பறை நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை, பெரிய வகுப்புப் பையன்கள் எட்டிப் பார்க்கிறார்கள், பாடம் நடக்கும்போது கேட்டால் டீச்சர் திட்டுகிறார். ஏழு வயதுப் பிள்ளை தனக்குத் தெரிந்த வழியில் கணக்குப் போடுகிறது: தண்ணீர் குடிக்காவிட்டால் ஒண்ணுக்கு வராது. காலை எட்டிலிருந்து நாலு மணி வரை வறண்டு கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் மடக் மடக் என்று குடிக்கிறது. அதோடு பால், அப்புறம் ரசம், மோர். ஒரு நாளைக்கு உரிய தண்ணீர் முழுவதும் சாயங்காலத்தில் உள்ளே போனால் அது ராத்திரியில்தானே வெளியே வரும்? நீங்கள் ஆறு மணிக்குக் குழாயை மூடுகிறீர்கள். நாலிலிருந்து ஆறுக்குள் அவன் குடித்து முடித்துவிடுகிறான்.

இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1 லிட்டரிலிருந்து 1.4 லிட்டர் வரை குடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அதற்கும் மேலேயே தேவைப்படும். அதைப் பத்துப் பங்காகப் பிரித்தால், நாலு பங்கு மதியத்துக்கு முன்னால், நாலு பங்கு மதியத்திலிருந்து ஐந்து மணிக்குள், மிச்சம் இரண்டு பங்கு அதற்குப் பிறகு. தாகத்துக்குக் கேட்கும் பிள்ளைக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லாதீர்கள். பகலில் நிறையக் குடித்தவன் ராத்திரியில் அவ்வளவு கேட்கவும் மாட்டான். டீ, காபி, கோலா வகைகள் சாயங்காலம் வேண்டாம். நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் 'அரை டம்ளர் காபி' என்பது பாசத்தின் அடையாளமாக இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது கட்டுப்பாடு. குழந்தையின் நீர்ப்பை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வயதோடு ஒன்றைக் கூட்டி, 30ஆல் பெருக்குங்கள். ஏழு வயதுக்கு 240 மில்லி, கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய அளவுக் குவளையைப் பாத்ரூமில் வைத்து, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறான் என்று குறித்துப் பாருங்கள். நாள் முழுக்க அடக்கி வைத்துப் பழகிய நீர்ப்பை பெரிதாகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பல பிள்ளைகளுக்கு அது எரிச்சலான, திடீர் திடீரென்று சுருங்குகிற பையாகத்தான் ஆகிறது. பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஆக ஐந்திலிருந்து ஏழு தடவை, அவசரமில்லாமல் போய் முழுக்கக் காலிசெய்ய வேண்டும். வகுப்பு டீச்சரை நேரில் பார்த்து, "இவன் கேட்டால் அனுப்பிவிடுங்கள், இடைவேளையில் நீங்களே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள்" என்று சொல்லுங்கள். படுக்கை நனைவதைச் சொல்ல வேண்டியதில்லை, டாக்டர் சொன்னார் என்றால் போதும். கேரளத்துப் பள்ளிகளில் 2019இல் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள். குடிக்க மணி அடித்தால் மட்டும் போதாது, போவதற்கு உருப்படியான ஓர் இடமும் வேண்டும். அதைக் கேட்கிற உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. கூட்டத்தில் எல்லாரும் மார்க்கைப் பற்றியே கேட்கிறோம்.

இன்னொன்று, நீங்கள் எழுதாதது. அவன் தினமும் வெளிக்குப் போகிறானா? பெற்றோரிடம் கேட்டால் எல்லாரும் "அதெல்லாம் ஒழுங்காப் போறான் டாக்டர்" என்பார்கள். ஆட்டுப் புழுக்கை மாதிரியா, முக்கிப் போகிறானா, கழிப்பறையை அடைக்கிற மாதிரி பெரிதாகவா என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மலக்குடல் நீர்ப்பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அது நிரம்பிக் கிடந்தால் முன்னால் இருக்கிற பைக்கு விரிய இடம் ஏது? மலச்சிக்கலைச் சரிசெய்த உடனே படுக்கையும் காய்ந்துபோன பிள்ளைகள் எத்தனையோ. கொய்யா, பப்பாளி, கீரை, பகல் தண்ணீர், காலையில் சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் பதற்றமில்லாமல் உட்காருவது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது, அடியில் ஒரு முக்காலி போடுங்கள். பல நாள் கெட்டிப்பட்டது என்றால் பழம் மட்டும் போதாது, டாக்டர் சில மாதங்களுக்கு மருந்து கொடுப்பார்.

ஒரு மாதம் பகலைக் கவனியுங்கள். ராத்திரியைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்.

*

கேள்வி: பெண்ணுக்கு நாலு வயது முடியப் போகிறது. ராத்திரி டயாப்பர் இல்லாமல் முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை இரண்டரை வயதிலேயே நிறுத்திவிட்டது. (வாசகி, ஓசூர்)

பதில்: பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாழ்த்துகள். ஐந்து வயதுக்கு முன்னால் ராத்திரி நனைவதை நாங்கள் ஒரு கோளாறாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து வயதில்கூட நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் நனைக்கிறார்கள். அப்படி நனைக்கிறவர்களில் ஒவ்வொரு வருஷமும் ஏழில் ஒரு பங்கு பேர் எந்த வைத்தியமும் இல்லாமல் தானாக நிறுத்திவிடுகிறார்கள். பத்து வயதில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் மிச்சம். உங்கள் மகள் இன்னும் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

*

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. மூன்று வயதிலேயே படுக்கை நனைப்பதை நிறுத்திவிட்டாள். இப்போது தம்பி பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று வாரமாக மறுபடியும் தினமும் நனைக்கிறாள். பொறாமைதான் காரணம் என்கிறார்கள். சரியாகச் சாப்பிடுகிறாள், ஆனாலும் இளைத்துவிட்டாள். ராத்திரி எழுந்து தண்ணீர் கேட்கிறாள். நனைந்த ஜட்டியைப் பாத்ரூம் மூலையில் போட்டால் எறும்பு மொய்க்கிறது, மருந்து தெளித்தும் போகவில்லை. அவள் மனதை எப்படிச் சமாதானப்படுத்துவது? (வாசகி, ஊர் வேண்டாம்)

பதில்: இந்தக் கடிதத்துக்குப் பத்திரிகை வழியாகப் பதில் சொல்ல நான் காத்திருக்கவில்லை. அடியில் போன் நம்பர் இருந்தது, அது பெரிய புண்ணியம். கடிதம் கைக்கு வந்த சாயங்காலமே பேசி, "விடியட்டும் என்று இருக்காதீர்கள், இப்போதே போய் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள்" என்றேன். 430 இருந்தது. குழந்தையை அன்று இரவே சேர்த்தார்கள். இப்போது இன்சுலின் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். படுக்கை நனைவது ஒரு வாரத்திலேயே நின்றுவிட்டது. தாயின் அனுமதியோடுதான் கடிதத்தை இங்கே போடுகிறேன்.

எறும்பு மொய்க்கிற மூத்திரத்தைப் பற்றி நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். நாம்தான் எறும்பு மருந்து வாங்கப் போகிறோம். குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் பல வீடுகளில் இப்படித்தான் முதலில் தெரிகிறது: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சாப்பிட்டும் இளைப்பது, காய்ந்த படுக்கை திடீரென்று நனைவது. அதைத் தவறவிட்டால் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று போய்க் குழந்தை மயங்கிவிடும்.

தம்பி பிறந்ததும், வீடு மாறியதும், அப்பா வெளிநாடு போனதும் குழந்தையின் படுக்கையை நனைக்கலாம். அது உண்மைதான். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் காய்ந்திருந்த படுக்கை மறுபடி நனைந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, அப்புறம்தான் மனசு. எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் சிறுநீர்த் தொற்று. ராத்திரி ஆசனவாயைச் சொறிந்தால் கீரிப்பூச்சி. வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினால் டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கிற சதை) வீக்கம். பகலிலும் சொட்டிக்கொண்டே இருப்பது, ஆண்குழந்தைக்குச் சிறுநீர் வேகமில்லாமல் முக்கி முக்கி வருவது, இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டின் மேல் குழியோ மயிர்க்கற்றையோ இருப்பது, இவையெல்லாம் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமில்லை.

*

கேள்வி: எட்டு வயது மகன் தினமும் நனைக்கிறான். கரண்டியைக் காய்ச்சித் தொடையில் ஒரு இழுப்பு இழுத்தால் பயத்தில் நின்றுவிடும் என்று மாமியார் சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை, பேரன்மேல் உயிர். கணவர் வாய் திறப்பதில்லை. (வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: வேண்டாம் அம்மா. இந்த ஒரு வார்த்தையை உங்கள் மாமியாரிடம் பத்திரிகையோடு காட்டுங்கள்.

சூடு போட்ட வடுவோடு என்னிடம் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவனுக்குக்கூட நின்றிருக்கவில்லை. நின்றிருந்தால் என்னிடம் ஏன் வரப்போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். தூங்குகிறவனுக்கு எந்தப் பயம் ஞாபகம் வரும்? ராத்திரியில் சிறுநீர் குறைவாகச் சுரக்க மூளை ஒரு ஹார்மோனைக் கூடுதலாக விட வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது தாமதமாகத்தான் பழகுகிறது. நீர்ப்பை நிரம்பியதும் தூக்கத்தைக் கலைக்கிற மணியும் மூளையில் தாமதமாகத்தான் அடிக்கிறது. கரண்டியால் இரண்டையும் சீக்கிரம் வரவைக்க முடியாது. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பொறுப்பில் இருக்கும் பெரியவர்களே குழந்தையை இப்படிக் கொடுமை செய்தால் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

சட்டத்தைக் காட்டி மாமியாரிடம் சண்டை போடுவதைவிட, சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "அத்தை, இவங்க அப்பா எத்தனை வயசு வரைக்கும் பாயில போனாங்க?" கணவர் வாய் திறக்காததற்குக் காரணம் அப்போது தெரியலாம். இது குடும்பத்தில் ஓடுகிற சமாச்சாரம். அப்பாவோ அம்மாவோ ஒருவர் சின்ன வயதில் நனைத்தவர் என்றால் பிள்ளைக்கு வர நூற்றுக்கு 44 வாய்ப்பு, இருவருமே என்றால் 77, இருவருமே இல்லை என்றால் 15. 1995இல் டென்மார்க் ஆய்வாளர்கள் சில குடும்பங்களில் இதன் வேர் 13ஆவது குரோமோசோமில் இருப்பதாகக் கண்டார்கள். என் அப்பா தனக்கும் அப்படி இருந்தது என்று என்னிடம் சொன்னது எனக்கு முப்பது வயதான பிறகு. எட்டு வயதில் சொல்லியிருக்கலாம். உங்கள் கணவர் தன் மகனிடம் இன்றைக்கே சொல்லட்டும்.

நனைந்த துணியை வாளியில் போட அவனையும் கூப்பிடலாம், தண்டனை மாதிரி இல்லாமல், சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது மாதிரி. "இன்னைக்குக் காஞ்சிருந்தா சைக்கிள்" என்று பந்தயம் கட்டாதீர்கள், அது அவன் கையில் இல்லை. படுக்கும் முன் தானாகப் பாத்ரூம் போனான், பகலில் பாட்டிலைக் காலிசெய்தான் என்றால் பாராட்டுங்கள், அவை அவன் கையில் இருக்கின்றன.

*

கேள்வி: எனக்கு மில்லில் ஷிப்ட் வேலை. ஒன்பது வயது மகனை ராத்திரி ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் எழுப்பித் தூக்கிக்கொண்டு போய் ஒண்ணுக்கு விடுகிறேன். அன்றைக்குப் படுக்கை காய்ந்திருக்கிறது. நான் நைட் ஷிப்ட் போனால் நனைகிறது. எத்தனை வருஷம் இப்படி? (வாசகர், ராஜபாளையம்)

பதில்: நீங்கள் எழுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. தோளில் சாய்ந்தபடி அரைத் தூக்கத்தில் போகிறான். படுக்கையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, தூக்கத்திலேயே ஒண்ணுக்குப் போக அவனைப் பழக்குகிறீர்கள். துணி துவைக்கிற வேலை மிச்சம், அதற்காகச் செய்தால் தவறில்லை. அவனுக்கு அதில் ஒன்றும் கற்றுக்கொள்ளக் கிடைக்காது.

ஒன்பது வயதில், உங்களைப்போல் பொறுமையுள்ள அப்பா இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது அலாரம். கடிகார அலாரம் கிடையாது. ஜட்டியிலோ விரிப்பிலோ ஈரம் பட்டதும் கத்துகிற சின்னக் கருவி. இதற்கு ஒரு கதை உண்டு. 1904இல் ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் ஃபாண்ட்லர் என்பவர், வார்டில் எந்தக் குழந்தை நனைத்தது என்று நர்சுகளுக்குத் தெரிய வேண்டும் என்று படுக்கையில் ஒரு மணியைப் பொருத்தினார். நர்சுகளுக்காக வைத்த மணியால் குழந்தைகள் நனைப்பதையே நிறுத்தத் தொடங்கின. 1938இல் அமெரிக்காவில் மவுரர் தம்பதி அதை ஒழுங்கான சிகிச்சை முறையாக ஆக்கினார்கள். இன்றைக்கும் அதைவிட நிலையான வைத்தியம் இல்லை. சரியாகச் செய்கிற மூன்று பிள்ளைகளில் இரண்டு பேருக்குக் காய்ந்துவிடுகிறது.

சரியாகச் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் அலாரம் அடித்தால் நீங்கள் எழுவீர்கள், தாத்தா எழுவார், எதிர்வீட்டு நாய் எழும், அவன் எழுந்திருக்க மாட்டான். அதனால் நீங்கள் பக்கத்தில் படுக்க வேண்டும். முகத்தைத் துடைத்து, கண்ணைத் திறக்கவைத்து, அவனே அலாரத்தை அணைத்து, அவனே நடந்துபோய் மிச்சத்தைப் பாத்ரூமில் விட்டு, அவனே துணி மாற்ற வேண்டும். முன்னேற்றம் முதலில் ஈரத்தின் அளவில் தெரியும். பாய் முழுக்க நனைந்தது, அப்புறம் ஒரு தட்டு அகலம், அப்புறம் ஒரு ரூபாய்க் காசு அளவு. பதினான்கு நாள் தொடர்ந்து காய்ந்திருக்கும் வரை விடக் கூடாது. இரண்டு மூன்று மாதம் ஆகலாம். நிறுத்திய பிறகு திரும்ப நனைந்தால் மறுபடி ஆரம்பித்தால் போதும், இரண்டாம் தடவை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். நைட் ஷிப்ட் இல்லாத மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள். உங்கள் மனைவிக்குப் பகல் முழுக்க வேலை என்றால் ராத்திரியையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

*

கேள்வி: படுக்கையில் போகாமல் இருக்க மாத்திரை இருக்கிறதாமே? ஊருக்குப் போகும்போது மட்டும் கொடுக்கலாமா? மருந்துக் கடையில் கேட்டு வாங்கலாமா? (வாசகி, சென்னை)

பதில்: இருக்கிறது, கொடுக்கலாம், கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

டெஸ்மோபிரஸ்ஸின் என்று பெயர். மேலே சொன்ன ராத்திரி ஹார்மோனின் நகல். ராத்திரி சுரக்கும் சிறுநீரைக் குறைக்கும். கல்யாணத்துக்கு, சுற்றுலாவுக்குப் போகும்போது கைகொடுக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி நனையும். ஒரு நிபந்தனை மட்டும் உயிர் போகிற நிபந்தனை: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து எட்டு மணி நேரம் பின்னால் வரை தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் வெளியேற வழியில்லாமல் உடம்பில் தேங்கி, ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். கல்யாண வீட்டில் ஆளாளுக்கு ஜூஸ் கொடுப்பார்கள், யோசித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், வாந்தி, பேதி இருக்கும் நாளில் கொடுக்கவே கூடாது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் குழந்தை டாக்டர் சொல்லட்டும். ஊருக்குப் போகும் அன்றைக்கு முதல் மாத்திரை என்று வைத்துக்கொள்ளாமல், இரண்டு வாரம் முன்னதாக வீட்டில் பார்த்துவிடுங்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரையைத்தான் இதற்கு எழுதுவோம். நானும் தாராளமாக எழுதினேன். ஒரு வீட்டில் அண்ணனுக்கு எழுதிய மாத்திரை, இரண்டு வயதுத் தங்கையின் கைக்குப் போய்விட்டது. நாலு மாத்திரை தின்றுவிட்டாள். அந்த மருந்து அளவு மீறினால் நேராக இதயத்தைத் தாக்கும். இரண்டு ராத்திரி மானிட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைத்தாள். ஒரு நனைந்த பாய்க்காக இவ்வளவா என்று அன்றைக்கு என்னையே கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் அதை எழுதியதில்லை. உங்கள் வீட்டில் பழைய சீட்டு கிடந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

*

கேள்வி: எள்ளுருண்டை தினமும் கொடுத்தால் நிற்குமா? தாயத்து கட்டலாமா? (வாசகி, அறந்தாங்கி)

பதில்: எள்ளுருண்டை நல்ல பண்டம், கொடுங்கள். படுக்கை காய்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதை நான் பார்த்ததில்லை. தாயத்து கட்டிய ஏழில் ஒருவனுக்கு அந்த வருஷம் எப்படியும் நிற்கத்தான் போகிறது. புகழ் தாயத்துக்குப் போகும். கட்டிவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

*

கேள்வி: மெத்தை நாற்றம் போகவே இல்லை. (வாசகி, சிங்காநல்லூர்)

பதில்: மெத்தைக்கு மேல் ஜிப் போட்ட தண்ணீர் புகாத உறை, அதன்மேல் பருத்தி விரிப்பு, அதன்மேல் இன்னொரு ரப்பர் ஷீட், இன்னொரு விரிப்பு. ராத்திரி நனைந்தால் மேலிருக்கும் இரண்டையும் உருவிப் போட்டுவிட்டு மறுபடி தூங்கலாம், விளக்கைப் போட்டு வீட்டையே எழுப்ப வேண்டாம். ஏற்கெனவே நாறுகிற மெத்தையில் சமையல் சோடாவைத் தூவி, சில மணி நேரம் கழித்துத் தட்டிவிட்டு வெயிலில் போடுங்கள். மொட்டை மாடியில் போடுங்கள், தெருப் பக்கம் வேண்டாம்.

*

கேள்வி: டாக்டர் ஆன்ட்டி, எனக்குப் பதினோரு வயது. அடுத்த மாதம் சாரணர் முகாம், இரண்டு ராத்திரி. வாரத்தில் இரண்டு நாள் எனக்கு இப்படி ஆகிறது. அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போகாமல் இருந்துவிடவா? (ஆறாம் வகுப்பு மாணவன்)

பதில்: தம்பி, போ.

உன் வகுப்பில் நாற்பது பேர் என்றால், உன்னை மாதிரியே இன்னொருவனாவது யாரிடமும் சொல்லாமல் இதே கேள்வியை யோசித்துக்கொண்டிருக்கிறான். ஐந்து மாணவர்கள் ஒரு கூடாரத்தில் படுத்தால் யாருக்காவது ஏதாவது இருக்கும். குறட்டை, தூக்கத்தில் பேச்சு, அம்மாவை நினைத்து அழுகை. உனக்கு இது.

இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடு. அவருக்குத் தெரியாதா என்ன? விரிப்பைத் துவைக்கிறவர் அவர்தானே. முகாமுக்குப் போவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆரம்பி. ஒரு மாதம் இருக்கிறது, டாக்டரிடம் போய், முகாமுக்கு மட்டும் மாத்திரை தேவையா என்று கேளுங்கள். அது இல்லாமலும் சமாளிக்கலாம். உன் வயதுக்கு ஏற்ற, ஜட்டி மாதிரி இழுத்துப் போடுகிற, ஈரத்தை உறிஞ்சுகிற பேண்ட் கடையில் கிடைக்கிறது. மேலே கறுப்பு டிராக் பேண்ட் போட்டால் வெளியே தெரியாது. அந்த உறிஞ்சுகிற பேண்டைப் போர்வைக்குள் சுருட்டி வைத்துவிடு, விளக்கு அணைந்த பிறகு உள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். காலையில் கழற்றிப் போட ஒரு கறுப்புப் பாலித்தீன் பை. கூடாரத்தில் வாசல் பக்கமாக இடம் பிடி.

கூட வருகிற ஆசிரியர்களில் உனக்குப் பிடித்த ஒருவரிடம் மட்டும் அப்பாவையோ அம்மாவையோ முன்கூட்டியே சொல்லச் சொல். எல்லாருக்கும் தெரிய வேண்டாம், ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அவர் படுக்கும் முன் உன்னை ஒரு பார்வை பார்ப்பார், நீ போய்விட்டு வருவாய். முகாமில் பகல் முழுக்க ஓடி ஆடுவாய், தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருந்துவிடாதே. மதியத்துக்குள் நிறையக் குடி. கேம்ப் ஃபயரில் டீயோ காபியோ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. படுக்கப் போவதற்கு அரை மணி முன்னால் ஒரு தடவை, படுக்கிற நேரத்தில் இன்னொரு தடவை பாத்ரூம் போ.

அப்புறம், கழிப்பறை கூடாரத்திலிருந்து தூரத்தில்தான் இருக்கும். டார்ச் லைட் எடுத்துக்கொள், புது பேட்டரி போட்டு.